இரண்டாவது வளைவு வரை

ஆஸ்கெயிர் அவளுடைய காபிக் குடுவையைக் கொட்டகைக்கு வெளியே பனியில் வைத்திருந்தான். கவிழ்க்கவில்லை, எறியவில்லை. மூடியை ஒழுங்காகத் திருகிப் படிக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தான், வீட்டை அசிங்கம் பண்ணிய பூனையை வெளியே விடுகிற மாதிரி.

ஒட்ரூன் குடுவையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"மெழுகு மேசையில திங்கிற சாமான் வைக்கக் கூடாது," என்றான் அவன், மெழுகை உருக்கும் இஸ்திரிப்பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். "இது உன் பனிக்கலப்பை வண்டி இல்ல."

"உன் காபி மட்டும் மேசையிலதானே இருக்கு?"

"நான் இங்க தலைவன்."

சிவெர்ட் சிரித்தான். முப்பது வயது, ஆஸ்கெயிருக்கு அடுத்த மெழுகுக்காரன். உதட்டுக்கு அடியில் எப்போதும் ஒரு புகையிலைப் பொட்டலம். யார் ஜெயிக்கிறார்களோ அவர்கள் பக்கம் சிரிப்பதுதான் அவன் வழக்கம். ஒன்பது நாளில் ஒட்ரூன் பக்கம் ஒருமுறைகூடச் சிரித்ததில்லை.

மாணவர் குளிர்காலப் போட்டி அந்த வருஷம் ஸ்க்ரோவ்டால் பள்ளத்தாக்குக்கு வந்திருந்தது. நாற்பது நாட்டுப் பிள்ளைகள், நாற்பது கொட்டகைகள். பனிச்சறுக்குப் பலகையான ஸ்கீ ஏற்றத்தில் பனியைப் பிடிக்கவும் இறக்கத்தில் வழுக்கவும் அதற்கு மெழுகு பூசுகிற கொட்டகைகள்தான், ஆனால் கதவை மூடிக்கொண்டு வேலை பார்ப்பதைப் பார்த்தால் உள்ளே கள்ளநோட்டு அடிக்கிறார்கள் என்று தோன்றும். நார்வே கொட்டகைக்குள் ஒட்ரூன் வந்தது ஆஸ்கெயிர் கூப்பிட்டு அல்ல. பள்ளத்தாக்கின் பனியை அறிந்த உள்ளூர் ஆள் ஒருவர் அணியில் இருந்தாக வேண்டும் என்று விழாக்குழு பிடிவாதம் பிடித்தது. இருபத்திரண்டு குளிர்காலமாக அங்கே சாலைப்பனி தள்ளுகிறவள் அவள்தான். வேண்டாம் என்று ஆஸ்கெயிர் இரண்டு கடிதம் எழுதினான். இரண்டும் பலிக்கவில்லை. அதனால்தான் குடுவை பனியில் நின்றது.

அவர்கள் பகைக்கு வயது இருபத்தாறு.

ஒட்ரூன் அப்போது த்ரொண்ஹெய்மில் நிலவியல் படித்துக்கொண்டிருந்தாள். இந்த நாட்டில் முதல் அணியில் ஐந்து பேருக்கு இடம், ஐந்நூறு பேருக்குக் கால். மிச்சமிருக்கிற நானூற்றுத் தொண்ணூற்றைந்து பேரில் புத்தகமும் கையுமாக இருப்பவர்களைப் பொறுக்கி மாணவர் அணி என்று அனுப்புவார்கள். அந்த வருஷம் போலந்து. தொடர் ஓட்டத்தில் கடைசிப் பங்கு ஒட்ரூனுக்கு. பதினோரு விநாடி முன்னிலையில் கை மாறி வாங்கிக்கொண்டு கிளம்பினாள். முதல் ஏற்றத்திலேயே ஸ்கீயின் அடியில் பனி ஒட்ட ஆரம்பித்தது. பூஜ்ய டிகிரியில் நிற்கிற ஈரப்பனி தப்பான மெழுகைக் கண்டால் விடாது. விரல் தடிமன், அப்புறம் கை தடிமன். குதி உயர்ந்த செருப்புப் போட்டுக்கொண்டு மலையேறுகிற மாதிரி ஏறினாள். நான்காவதாக வந்தாள்.

இங்கே அதற்கு ஒரு வழக்கம் உண்டு. மெழுகு தப்பினால் மெழுகுக்காரன் வெளியே வந்து, பத்திரிகைக்காரன் முன்னால் தொப்பியைக் கழற்றி, "இன்னைக்கு நாங்க கோட்டை விட்டுட்டோம்" என்று சொல்ல வேண்டும். ஓடியவர் வாயால் அது வரக் கூடாது, வந்தால் சாக்கு. மெழுகுக்காரன் வாயால் வந்தால் ஊர் ஒரு நாள் திட்டிவிட்டு மறுநாள் மன்னித்துவிடும். பாட்டன் காலத்திலிருந்து அப்படித்தான்.

அன்று மெழுகு பூசியவன் ஆஸ்கெயிர். வெளியே வந்தான், தொப்பியைக் கழற்றவில்லை. "ஸ்கீ நல்லாத்தான் இருந்தது," என்றான். "பொண்ணுக்குக் கால் இல்லை."

பத்திரிகை அதையே தலைப்பாகப் போட்டது.

அந்த வசந்தத்தில் ஒட்ரூன் படிப்பை விட்டுவிட்டு ஊருக்கு வந்தாள். கூட்டுறவுக் கடையில் ரொட்டி வாங்கப் போனால் கல்லாவில் இருந்த தொர்கெல் கேட்டான்: "என்ன ஒட்ரூன், கால் வந்துடுச்சா?" வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வேடிக்கைதான், விஷமில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அவள் பூட்ஸ் வாங்கினால், "எதுக்கு, உனக்கா?" பனிக்கலப்பை ஓட்டும் வேலை கிடைத்தபோது, "நல்லதாப் போச்சு, உட்கார்ந்துக்கிட்டே பாக்குற வேலை." கல்யாணம் பண்ணி ஆறு வருஷத்தில் புருஷன் பிரிந்து தெற்கே போனான். அப்போதும் தொர்கெல் பழுப்புச் சீஸைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே சொன்னான்: "விடு ஒட்ரூன். வீட்டுல ஒருத்தருக்காவது கால் இருந்ததே."

இருபத்தாறு வருஷம் ஒரே நகைச்சுவையைத் தாங்குகிற ஊர் அது. அவளும் தாங்கினாள். வேறு கடை இல்லை.

அன்று பெண்களுக்கான பத்துக் கிலோமீட்டர். நார்வேயின் நம்பிக்கை ஹெட்டா, இருபத்துநான்கு வயது, பல் மருத்துவம் படிப்பவள். மாணவியாக ஓட அவளுக்கு இதுதான் கடைசி வருஷம். பதக்கம் வாங்கினால் அடுத்த மாதம் ஆஸ்லோவில் நடக்கும் உலகக் கோப்பைப் பந்தயத்தில் ஓர் இடம் என்று பயிற்சியாளர் வாய்விட்டுச் சொல்லியிருந்தார். வாங்காவிட்டால் பல் மருத்துவம்.

காற்று பூஜ்யம், பனி பூஜ்யம், மேலே இருந்து கோழி இறகு மாதிரி ஈரப்பனி. மெழுகுக்காரர்கள் சாபம் கொடுக்கிற நாள்.

"பசைமெழுகு மெல்லிசா ஒரு பூச்சு, மேல கெட்டிமெழுகு," என்றான் ஆஸ்கெயிர்.

"ஒட்டும்," என்றாள் ஒட்ரூன். "மெழுகே வேண்டாம். உப்புத்தாள் போட்டு அடியைத் தேய்ச்சுடலாம். முடி மாதிரி நார் எழும்பும், அதுவே பனியைப் பிடிக்கும்."

"பனி தள்ளுறவ சொல்றா, கேட்டுக்கோ சிவெர்ட்."

"ரெண்டையும் ஓட்டிப் பாப்போம்."

ஓட்டிப் பார்த்தார்கள். மைதானத்தை ஒட்டிய சரிவில் மஞ்சள் பட்டை கட்டிய ஆஸ்கெயிரின் ஜோடி இருநூறு மீட்டரில் பனியை அள்ளிக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டது. நீலப் பட்டை கட்டிய ஒட்ரூனின் ஜோடி ஏறியது, வழுக்கியது, சொன்னபடி கேட்டது. ஹெட்டா இரண்டையும் தானே ஓட்டிப் பார்த்துவிட்டு, "நீலம்," என்றாள். ஒட்ரூனைப் பார்த்து, "நல்லாருக்கு ஒட்ரூன், உங்க கையா?" என்றும் கேட்டாள். ஒன்பது நாளில் அந்தக் கொட்டகையில் அவள் காதில் விழுந்த முதல் நல்ல வார்த்தை.

ஆஸ்கெயிர் இஸ்திரிப்பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கினான்.

"சரி. ஆனா கிளம்புறதுக்கு முன்னாடி கழுகு மேட்டுக்குப் போய்த் திரும்பவும் பாக்கணும். இங்க இருக்கிற பனி வேற, மேல இருக்கிற பனி வேற. மேல பிடிக்கலைன்னா மஞ்சளைக் குடுக்கணும். யார் போறது?"

"நான் போறேன்."

"நாலு கிலோமீட்டர் ஏத்தம்."

"எனக்குத் தெரியும். என் ஊரு."

அவன் சொன்னது சரிதான் என்பது அவளுக்குத் தெரியும், அதுதான் எரிச்சல். தேய்த்த ஸ்கீக்கு ஒரே ஒரு வானிலைதான் ஆகும். பூஜ்யத்தில் ராஜா. இரண்டு டிகிரி கீழே இறங்கித் தடம் கண்ணாடியாகிவிட்டால் அதே ஸ்கீ, காலில் கட்டிய சோப்பு. அங்கே பசைமெழுகுதான் பிடிக்கும்.

அதே மாதிரி தேய்த்த இன்னொரு ஜோடியை மாட்டி, வாக்கி டாக்கியை மார்பில் குத்திக்கொண்டு கிளம்பினாள். தடத்தின் ஓரத்தில் ஊர்ச்சனம் தீ மூட்டித் தொத்திறைச்சி சுட்டுக்கொண்டிருந்தது. மாட்டுமணி, கொடி, கம்பளிக் குல்லாய். "ஹேய் ஒட்ரூன்! உன்னையும் ஓட விட்டுட்டாங்களா?" என்று யாரோ கத்தினார்கள். அவள் திரும்பவில்லை. நாற்பத்தொன்பது வயது நுரையீரல் முதல் ஏற்றத்திலேயே கணக்குக் கேட்டது. இரண்டு கிலோமீட்டரில் இரண்டாவது வளைவு வந்தது. அங்கே நின்றாள். ஒரு நிமிஷம், மூச்சு வாங்க, அவ்வளவுதான்.

நின்றதும் பார்த்தாள். இறகு மாதிரி விழுந்த பனி இங்கே பொடியாகியிருந்தது. ஊசியிலை மரங்களின் உச்சி மட்டும் அசைந்தது. வடக்குக் காற்று, குளிர் இறங்கப்போகிறது. மூக்கின் உள்ளே முடி விறைக்கிற அந்தச் சின்னக் குத்தல், அதைத்தான் அவள் இருபத்திரண்டு வருஷம் சம்பளத்துக்கு முகர்ந்திருக்கிறாள். மேலே போய்ப் பார்த்தே ஆக வேண்டும். இன்னும் பத்து நிமிஷ ஏற்றம். நேரம் இருந்தது.

வாக்கி டாக்கி கரகரத்தது. ஆஸ்கெயிரின் குரல்.

"கலப்பை, எங்க இருக்க? மேல போயிட்டியா?"

அவள் பதில் சொல்ல மூச்சு சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சத்தமே காணோம்? பாதியிலேயே படுத்துட்டியா?" பின்னால் சிவெர்ட்டின் சிரிப்பு கேட்டது. "விடுப்பா, பழைய கதைதானே. கால் இல்லை."

அந்த அலைவரிசையில் அணி மொத்தமும் இருந்தது. பயிற்சியாளர், மருத்துவர், துவக்கக் கோட்டில் ஸ்கீயோடு நிற்கிறவன், எல்லோரும்.

ஒட்ரூன் பொத்தானை அமுக்கினாள்.

"மேலதான் நிக்கிறேன். நல்லாப் பிடிக்குது. நீலத்தையே குடுங்க."

விரலை எடுத்த பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. திரும்பப் பொத்தானை அமுக்கி, இல்லை, இரண்டாவது வளைவில்தான் நிற்கிறேன் என்று சொல்ல ஒரு விநாடி போதும். அந்த ஒரு விநாடிக்குள் சிவெர்ட் சிரிப்பான். ஏறிப் போய்ப் பார்த்துவிட்டுப் பொய்யை நிஜமாக்கவும் வழியிருந்தது. ஆனால் மேலே வழுக்கினால் என்ன சொல்வது, இப்போதுதானே பிடிக்கிறது என்றாய் என்பார்கள். ஒருவேளை பிடிக்கும் என்று நினைத்தாள். ஸ்கீயைத் திருப்பிக் கீழே இறங்கினாள்.

ஹெட்டா கிளம்பும்போது பனி நின்றுவிட்டது. ஐந்து நிமிஷத்தில் வானம் கிழிந்து நீலம் தெரிந்தது. சனம் கைதட்டியது, வெயில் வந்துவிட்டதாம்; மேகம் விலகினால் தடம் உறையும் என்று யாரும் நினைக்கவில்லை.

இரண்டு கிலோமீட்டரில் ஒலிபெருக்கி ஹெட்டாவை முதலாவது என்றது. ஊரே கத்தியது. ஒட்ரூன் கொட்டகை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கழுகு மேட்டில் ஹெட்டா எட்டாவது. நாற்பத்தோரு விநாடி பின்னே. இரண்டாம் சுற்றில் அவள் மைதானத்தைக் கடந்தபோது ஒட்ரூன் பார்த்தாள்: ஒவ்வொரு உந்தலுக்கும் ஸ்கீ பின்னால் நழுவியது. அவள் கால்களை விட்டுவிட்டுக் கைகளால் ஓடிக்கொண்டிருந்தாள். ஏற்றத்தில் ஸ்கீயை வாத்துக்கால் மாதிரி விரித்து நடந்தாள். பசைமெழுகு பூசிய பின்லாந்துக்காரி ஒருத்தி பக்கத்தில் ஏணியில் ஏறுவது மாதிரி ஏறிப் போனாள். கடைசியில் ஹெட்டா பதினான்காவது.

கொட்டகைக்குள் ஆஸ்கெயிர் கதவைச் சாத்தினான். கையில் நீலப் பட்டை ஜோடி.

"மேல போனியா, இல்லையா?"

அவள் குல்லாயைக் காது வரை இழுத்துவிட்டாள்.

"போகலை." அவன் கத்தவில்லை. கண்டுபிடித்த சந்தோஷம்கூட இருந்தது. "எனக்கு அப்பவே தெரியும். அந்த மூச்சுல யாரும் கழுகு மேட்டுல நிக்க முடியாது."

"தெரிஞ்சா ஏன் நீலத்தைக் குடுக்க விட்ட?"

"நீ சொன்னியே, பிடிக்குதுன்னு. அலைவரிசையில எல்லாரும் கேட்டாங்களே." ஸ்கீயைச் சுவரில் சாய்த்தான். "சரி, கேளு. வாயைத் திறக்காதே. வெளியே நிக்கிறவன்கிட்ட நான் பேசிக்கிறேன். கொட்டகைக்குள்ள நடந்தது கொட்டகைக்குள்ள. உன்னைப் பிடிக்கலைன்னாலும் நீ இப்ப இந்தக் கொட்டகை ஆளு."

முதல் தடவையாக அவன் அவளை அப்படிச் சொன்னான். இந்த வார்த்தைக்கு ஒன்பது நாளாக ஆசைப்பட்டது ஒட்ரூனுக்கே அப்போதுதான் தெரிந்தது. ஆசைப்பட்டதை நினைத்தால் வாயில் இரும்பு ருசித்தது.

வெளியே பள்ளத்தாக்குப் பத்திரிகையின் நிருபர் ஒலிப்பதிவுக் கருவியோடு நின்றிருந்தாள். நாலு அடி தள்ளி ஹெட்டா, தோளில் போர்வை, புருவத்தில் உறைந்த வியர்வை. பக்கத்தில் அவள் அப்பா, பையைச் சுமந்துகொண்டு.

"மெழுகுல ஏதாவது தப்பா?" என்று நிருபர் கேட்டாள்.

"இல்லை," என்றான் ஆஸ்கெயிர். "ஸ்கீ நல்லாத்தான் இருந்தது. முதல் ரெண்டு கிலோமீட்டர் பாத்தீங்கள்ல? அப்புறம்..." தோளைக் குலுக்கினான். "கால் இல்லை."

ஹெட்டா நிமிர்ந்தாள். அழுகை இல்லை, கோபம் இல்லை. தன் தொடையைக் குனிந்து பார்த்தாள், அவ்வளவுதான். நிஜமாகவே அங்கே ஏதோ குறைகிறதா என்று தேடுகிற மாதிரி.

ஒட்ரூனுக்கு அந்தப் பார்வை தெரியும். போலந்தில் ஒரு விடுதிக் குளியலறையில் அவளும் அப்படித்தான் தன் காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எங்க தப்பு," என்றாள். குல்லாயைக் கழற்றிவிட்டுத் திரும்பச் சொன்னாள். "என் தப்பு. ஸ்கீ வழுக்குச்சு. நான் கழுகு மேட்டுக்குப் போய்ப் பாக்கணும். போகலை. ரெண்டாவது வளைவுல நின்னுக்கிட்டு மேல நிக்கிறேன்னு பொய் சொன்னேன். பேரு ஒட்ரூன் ஹெக்கே. எழுதிக்குங்க. அந்தப் பொண்ணுக்குக் கால் இருக்கு."

நிருபர் அவளையும் ஆஸ்கெயிரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆஸ்கெயிரின் காது சிவந்தது.

"அவளுக்கு உடம்பு சரியில்லை," என்றான்.

"நல்லாத்தான் இருக்கேன். பொய்தான் சொன்னேன்."

ஹெட்டாவின் அப்பா பையைக் கீழே வைத்தார். "பொய்யா?" என்றார் மெல்ல. "நாலு வயசுலேருந்து இவளை நான் கூட்டிட்டுப் போயிருக்கேன். விடியறதுக்கு முன்னாடி. ஒவ்வொரு..."

ஹெட்டா போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒட்ரூனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ரெண்டு ஜோடி இருந்தது," என்றாள். "மஞ்சள் என் கைக்கு எட்டுற தூரத்துல இருந்தது. நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும்."

"ஆமா."

"எதுக்காகப் பொய்?"

"அவன் கிண்டல் பண்ணினான்."

"கிண்டல்." ஹெட்டா அந்தச் சொல்லைத் துப்பின மாதிரி சொன்னாள். "இப்ப உண்மையைச் சொன்னியே, அதுக்கு நான் நன்றி சொல்வேன்னு எதிர்பாக்காத. உனக்காகச் சொல்லிக்கிட்ட."

"இல்லை," என்றாள் ஒட்ரூன். யோசித்துவிட்டு, "பாதி," என்றாள்.

ஹெட்டா அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நிருபரும் போன பிறகு ஆஸ்கெயிர் அருகில் வந்தான். காபியும் பசைமெழுகும் கலந்த மூச்சு.

"காப்பாத்துனேன்டி உன்னை, மடச்சி."

"என்னை இன்னைக்குத்தான் காப்பாத்துன. அன்னைக்கு உன்னை."

"ஆமா, என்னைத்தான்!" அவன் குரல் உடைந்து உயர்ந்தது. சிவெர்ட் கதவிலிருந்து எட்டிப் பார்த்தான். "எனக்கு இருபத்தொன்பது வயசு. அதுதான் என் முதல் அணி. நான்தான் தப்பா பூசினேன்னு சொல்லியிருந்தா அடுத்த வருஷம் என்னை எவனும் கூப்பிட்டிருக்க மாட்டான். நான் சொல்லலை, இருபத்தாறு வருஷம் கூப்பிட்டாங்க. நீ இன்னைக்குச் சொன்ன. உன்னை இனிமே யாராவது கூப்பிடுறாங்களா பாரு."

இருபத்தாறு வருஷமாக அவள் கேட்கக் காத்திருந்த வாக்கியம் அதுதான். நான்தான் தப்பாகப் பூசினேன். வரும் என்றுகூட நினைத்ததில்லை. வந்தது, மிரட்டலாக. கேட்டதும் என்னவாகும் என்று பல குளிர்காலம் கலப்பையின் கண்ணாடிக்குப் பின்னால் யோசித்திருக்கிறாள். ஒன்றும் ஆகவில்லை. கால் குளிர்ந்தது.

சிவெர்ட்டுக்கும் அது கேட்டிருந்தது. அவன் யார் பக்கமும் சிரிக்கவில்லை. உதட்டிலிருந்து புகையிலைப் பொட்டலத்தை எடுத்துப் பனியில் எறிந்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

ஒட்ரூன் நாட்டுக்கொடி போட்ட மேல்சட்டையைக் கழற்றிக் கொட்டகைப் படியில் மடித்து வைத்தாள். மேசையிலிருந்த குடுவையைத் தானே வெளியே எடுத்து வந்தாள். வண்டிகள் நிற்கும் திடலில் காலையில் விழுந்த பனி மிதிபட்டு உறைய ஆரம்பித்திருந்தது. பேருந்துகள் கிளம்புவதற்குள் தள்ளியாக வேண்டும். கலப்பையைக் கிளப்பினாள். நார்வே கொட்டகைக்கு முன்னால் மட்டும் கொஞ்சம் வேகமாகவே போனாள். பனி அலையாக எழுந்து படியை மூடியது. மேல்சட்டை அதற்கடியில் போனது. திரும்பிப் பார்த்தாள், நிறுத்தவில்லை.

ஆஸ்லோவுக்கு ஹெட்டாவை யாரும் கூப்பிடவில்லை. பத்திரிகையில் ஒட்ரூன் சொன்னது சொன்னபடி வந்திருந்தது, பெயரோடு, குல்லாய் இல்லாத படத்தோடு. ஆஸ்கெயிரைப் பற்றி ஒரு வரி இல்லை.

இரண்டு நாள் கழித்து அவள் கூட்டுறவுக் கடைக்குப் போனாள். கல்லாவில் தொர்கெல், இப்போது தலை முழுக்க நரை. வரிசையில் ஆறு பேர், எல்லோரும் பத்திரிகை படித்தவர்கள். அவன் அவளைப் பார்த்ததும் வழக்கம்போல வாயைத் திறந்தான். திறந்த வாய் அப்படியே நின்றது. பழைய வேடிக்கை பொருந்தவில்லை. ரொட்டியை எடுத்தான், விலையைத் தட்டினான், திரும்ப அவளைப் பார்த்தான்.

"என்ன ஒட்ரூன்," என்றான் கடைசியில். "கழுகு மேடு எவ்வளவு தூரம்?"

வரிசை சிரித்தது. முதலில் ஒருவர், அப்புறம் எல்லோரும், புதிதாய்ச் சுட்ட ரொட்டி கிடைத்த மாதிரி.

"ரெண்டாவது வளைவுலேருந்து இன்னும் ரெண்டு கிலோமீட்டர்," என்றாள் ஒட்ரூன்.

ரொட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.